பதவியும் பயிற்சியும்: உள்ளாட்சி மன்றங்கள் வலுப்பெற நம் கடமை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேஷ் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசித்து முடிக்கப்பட்டுவிட்டன. மையவாடிச் சுற்றுச்சுவருக்கு ஆன செலவு குறித்து ஒரு பெரியவர் கேள்வி எழுப்பினார். செயலாளர் ரசீதுக் கட்டை எடுத்து வந்து காட்டி விளக்கம் அளித்தார். கேட்டவரும் கோபப்படவில்லை, பதில் சொன்னவரும் முகம் சுளிக்கவில்லை. இந்தக் காட்சியை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். நாம் இன்று பேச வந்திருப்பதே இதைப் பற்றித்தான். பள்ளிவாசலுக்குள் கணக்குக் கேட்கத் தெரிந்த நாம், பள்ளிவாசலுக்கு வெளியே நம் ஊராட்சியின் கணக்கை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? நம் தெரு விளக்கையும் குடிநீரையும் சாக்கடையையும் நிர்வகிக்கின்ற மன்றத்தில் அமர்பவர்கள், அந்தப் பணியைக் கற்றுக்கொள்ள நாம் என்ன உதவி செய்திருக்கிறோம்?

"ஹஜ்ரத் தொழுகையைப் பற்றிப் பேசாமல் அரசியல் பேசுகிறாரே" என்று எவரும் எண்ண வேண்டாம். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்க நாம் இங்கே நிற்கவில்லை. ஊர்ப் பொறுப்பு என்பது ஓர் அமானிதம். அமானிதத்தைச் சுமப்பவருக்கு அதைச் சுமக்கும் ஆற்றலும் அறிவும் வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த பாடம். அந்த ஆற்றலையும் அறிவையும் பற்றித்தான் இந்தப் பேச்சு.

முதலில் நமது அறியாமையையே சொல்லி விடுகிறோம். நாம் முன்னர் இமாமத் செய்த ஓர் ஊரில், மதரஸா வாசலில் கழிவுநீர் தேங்கி நின்றது. பிள்ளைகள் செங்கல்லை அடுக்கி அதன்மேல் கால் வைத்து வருவார்கள். மழைக்காலத்தில் அந்தச் செங்கல்லும் மூழ்கிவிடும். நாம் மனு எழுதினோம். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளுக்குச் சென்றோம். சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தோம். மூன்று ஆண்டுகள் கழிந்தன. மனுவின் நகல்கள் ஒரு கோப்பு நிறையச் சேர்ந்தனவே தவிர, தண்ணீர் வடியவில்லை.

அப்போது அந்த ஊரின் வார்டு உறுப்பினராயிருந்த ஒரு சகோதரி, நம் சமுதாயத்தைச் சேராதவர், எட்டாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர், நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், நீங்கள் தட்டியது எல்லாம் வேறு வாசல். அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஆட்களோடு வாருங்கள். இந்த வடிகால் வேலையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அது ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் ஏறிவிட்டால், பிறகு யாராலும் எளிதில் ஒதுக்க முடியாது" என்றார். "இது உங்களுக்கு எப்படித் தெரியும் தாயே?" என்று கேட்டோம். "மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே சொன்னார்கள்" என்றார். நாம் சென்றோம். தீர்மானம் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டில் வடிகால் கட்டப்பட்டது. ஏழு ஆண்டுகள் மதரஸாவில் அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் ஓதிய நமக்குத் தெரியாத ஒன்றை, மூன்று நாள் பயிற்சி அந்தச் சகோதரிக்குத் தெரிவித்திருந்தது. அன்று நாம் வெட்கப்பட்டோம். அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததே இந்த உரை.

அன்பானவர்களே! உள்ளாட்சி மன்றங்கள் யாருடைய தயவிலும் நடப்பவை அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. நகரங்களுக்கான 74ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 அன்று வந்தது. ஊராட்சிகளுக்கு 29 துறைகளும், நகராட்சிகளுக்கு 18 துறைகளும் அட்டவணையில் வகுத்துக் காட்டப்பட்டன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மகளிருக்கும் இட ஒதுக்கீடு, தனித் தேர்தல் ஆணையம், நிதி ஆணையம் ஆகிய யாவும் அவற்றால் கிடைத்தவை. தமிழகத்தில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, அதன்படி 1996இல் தேர்தல் நடந்தது. மகளிருக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீடு, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாதியாக உயர்ந்தது.

சட்டம் வந்துவிட்டது, நாற்காலியும் வந்துவிட்டது. ஆனால் நாற்காலியில் அமர்ந்தவரை அமர்ந்தவராக மதிக்கும் மனம் வந்ததா? 1997ஆம் ஆண்டு ஏப்ரலில், மதுரை மாநகராட்சி உறுப்பினராயிருந்த லீலாவதி, தம் பகுதி மக்களின் குடிநீருக்காக நின்றமையால் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தாழ்த்தப்பட்ட ஒருவர் தலைவராவதைப் பொறுக்காதவர்களால் தம் தோழர்களுடன் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு முறையான தேர்தல் நடத்தி முடிக்க 2006 வரை காத்திருக்க நேர்ந்தது.

தென்மாவட்டத்துச் செய்திகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில், ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமிர்தம் என்ற தாழ்த்தப்பட்ட சகோதரி, 2020ஆம் ஆண்டு சுதந்திர தினத்தில் தேசியக் கொடியை ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. மக்கள் வாக்களித்து அமர்த்திய தலைவருக்குத் தம் அலுவலக வாசலில் கொடிக்கயிற்றைத் தொடும் உரிமை இல்லை என்றால், அது எத்தகைய தலைமை? ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, அவருடைய கையாலேயே கொடியை ஏற்றச் செய்தார். தொழிற்சாலைகள் நிறைந்து, அயல் மாநிலத்துத் தொழிலாளர்கள் வந்து குவியும் பகுதிக்கு அருகில் நடந்த நிகழ்ச்சி இது. புகைபோக்கிகள் உயர்ந்ததனால் மட்டும் மனங்கள் உயர்ந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெளிப்படையாகத் தடுப்பது ஒருவகை. ஓசையில்லாமல் தடுப்பது இன்னொரு வகை. ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருப்பார். கூட்டத்தில் அவர் கணவர் அமர்ந்திருப்பார். கோப்பு வீட்டுக்கு வரும். தலைவி கையெழுத்திட்டு அனுப்புவார். "அவருக்கு என்ன தெரியும்?" என்று சொல்வார்கள். நாம் கேட்கிறோம்: தெரிந்துகொள்ள அவரை நாம் விட்டோமா? ஊராட்சித் தலைவர் என்பவர் சட்டப்படி ஊராட்சியின் நிர்வாக அதிகாரி. துணைத் தலைவருடன் சேர்ந்து காசோலையில் ஒப்பமிடுபவர். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், நிதிக்குழு மானியம் என்று பலவகை வரவுகளையும், அவற்றுக்குரிய பதிவேடுகளையும் அறிந்திருக்க வேண்டியவர். ஒப்பந்தப்புள்ளி என்றால் என்ன, மதிப்பீடு என்றால் என்ன, அளவுப் புத்தகம் என்றால் என்ன என்று தெரியாமல் கையெழுத்திடும் ஒருவர் பிறகு தணிக்கையின்போது தனியாக மாட்டிக்கொள்கிறார். கையைப் பிடித்து எழுத வைத்தவர்கள் அப்போது அருகில் இருக்க மாட்டார்கள். ஆகவே, பயிற்சி என்பது அந்தச் சகோதரிக்குக் கிடைக்கும் கவசம் என்றே கொள்ள வேண்டும்.

பயிற்சி பெற்றவருக்கும் துணை வேண்டும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த குத்தம்பாக்கம் ஊராட்சியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வூரில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய இளங்கோ ரங்கசாமி என்பவர், அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996இல் ஊராட்சித் தலைவரானார். தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். வடிகால் கட்டும்போது, அருகிலிருந்த கல் மெருகேற்றும் ஆலைகளில் கழித்துப் போடப்பட்ட கருங்கல் பலகைகளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். அரசு மதிப்பீட்டில் சொல்லப்பட்ட கல் அதுவன்று என்ற காரணத்தால் அவர் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் ஓடி ஒளியவில்லை. கிராம சபையைக் கூட்டி, கணக்கை மக்கள் முன் விரித்தார். மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது. பின்னர், சமத்துவபுரத் திட்டத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளை அவ்வூரில் எழுப்பினார்.

நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது இதற்குப் பிறகு அவர் செய்த காரியமாகும். தாம் தட்டுத் தடுமாறிக் கற்றதைப் பிற ஊராட்சித் தலைவர்கள் தடுமாறாமல் கற்க வேண்டும் என்று எண்ணி, அவர்களுக்குப் பயிற்சியளிக்கும் அமைப்பு ஒன்றை 2001இல் தொடங்கினார். ஒரு தலைவரின் சொல்லை இன்னொரு தலைவர் எளிதில் ஏற்றுக்கொள்கிறார். "நானும் இந்தக் குழியில் விழுந்தேன், நீங்கள் இப்படிச் சுற்றிச் செல்லுங்கள்" என்று சொல்ல ஒருவர் இருப்பது எத்தனை பெரிய ஆறுதல்! மதரஸாவில் மூத்த மாணவர் இளைய மாணவருக்குப் பாடத்தை மீண்டும் சொல்லிக் கொடுக்கும் முறையை நாம் அறிவோம். அதே முறைதான் இதுவும்.

அரசின் பயிற்சி ஏற்பாடுகளும் உள்ளன. மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் செயல்படுகிறது. பவானிசாகர் போன்ற இடங்களில் மண்டலப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. நகராட்சிகளுக்காக 1981இல் கோவையில் தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிறுவனம் நிறுவப்பட்டது. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் க. பழனித்துரை போன்றோர் நீண்ட காலம் ஊராட்சித் தலைவர்களுக்காகவே உழைத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குப் பயிற்சியளிப்பதற்கென்றே மத்திய அரசு 2018இல் தேசிய கிராம சுயாட்சித் திட்டத்தைத் தொடங்கியது. நம் அண்டை மாநிலமான கேரளம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சி மன்றங்களுக்குக் கொடுத்தது. பணத்தைக் கொடுத்ததோடு நில்லாமல், உறுப்பினர்கள், அலுவலர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், ஆசிரியர்கள் என்று பெருந்திரளானோருக்குப் பல கட்டங்களாகப் பயிற்சியும் கொடுத்தது. பணம், அதிகாரம், பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்து சென்றால்தான் வண்டி ஓடும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

இவையெல்லாம் புதியவை என்று எண்ண வேண்டாம். நம் அண்டை மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு எடுக்கும் முறையை அவை விவரிக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. அது பிராமணர் ஊரின் சபை; எல்லோருக்கும் அதில் இடம் இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் ஒரு விதி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர இயலாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கல்லில் வெட்டிய விதியைக் காகிதத்தில் எழுதிக் காப்பாற்றக்கூட நாம் தடுமாறுகிறோம்.

நம் மார்க்கமும் இதையே கற்பித்தது. கலந்தாலோசிப்பதையே பெயராகக் கொண்ட ஓர் அத்தியாயம் குர்ஆனில் உண்டு. அகழ்ப் போரின்போது மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டலாம் என்ற ஆலோசனையைச் சொன்னவர், பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அவர் அவ்வூரில் பிறந்தவர் அல்லர். பெரிய குலத்தின் பின்பலம் உடையவரும் அல்லர். எனினும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவருடைய சொல்லை ஏற்றுத் தாமும் மண் சுமந்தார்கள். தெரிந்தவர் யாராயினும் அவர் சொல்லைக் கேட்பதுதான் மஷூரா. முடிவை முன்பே எடுத்துவிட்டுக் கையெழுத்துக்காகக் கூட்டம் கூட்டுவது மஷூரா ஆகாது.

இனி, நம் கடமைக்கு வருவோம். நம் கடம்பத்தூர் ஊராட்சி ஒன்றியம் நாற்பதுக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளைக் கொண்டது. சென்னை நகரின் நடுவே கறுத்து ஓடும் கூவம் ஆறு, நம் ஒன்றியத்துக் கூவம் கிராமத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. இங்கே அது தெளிந்த ஏரி நீர். ஒரு நீர்நிலையின் தலைப்பகுதியில் வாழ்பவர்களுக்கு உரிய பொறுப்பு பெரிது. ஏரியையும் வரத்துக் கால்வாயையும் காப்பதும் ஊர் மன்றத்தின் பொறுப்புகளோடு சேர்ந்ததே.

2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளுடன் முடிந்தது. ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. இதற்கு முன்னரும் 2016 முதல் 2019 வரை மூன்றாண்டுகளுக்கு மேல் அவ்வாறே நடந்தது. தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இரவு பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால், கதவைத் தட்ட நமக்கு ஒரு வார்டு உறுப்பினர் வேண்டும். தேர்தல் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும், பழகிய கைகள் விலகிப் பழகாத கைகள் வருவதற்கு வழி செய்கிறது. கற்றது கரைகிறது. ஆகவேதான், மன்றத்தில் அமர்ந்தவர்கள் மட்டும் கற்றால் போதாது, ஊரும் கற்க வேண்டும் என்கிறோம்.

நாம் நான்கு காரியங்களை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறோம்.

முதலாவது, கிராம சபைக்குச் செல்லுதல். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ளது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மக்கள்தொகைக்கேற்ப 50 பேர் முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். ஜும்ஆவுக்கு வரும் கூட்டத்தில் பாதி அங்கே சென்றால் போதும். வரவு செலவு வாசிக்கப்படும்போது, இன்று இங்கே கேட்ட அதே பணிவோடு அங்கேயும் கேளுங்கள்.

இரண்டாவது, கற்பித்தல். மதரஸா மாலை வகுப்பு முடிந்த பின், மாதம் ஒருமுறை இந்த மண்டபத்தைத் திறந்து வைப்போம். ஓய்வுபெற்ற ஊராட்சி அலுவலர், பொறியாளர், முன்னாள் வார்டு உறுப்பினர் ஆகியோரை எந்தச் சமயத்தவராயினும் அழைத்துக் கேட்போம். பதிவேடு எப்படி இருக்கும், தீர்மானம் எப்படி எழுத வேண்டும், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எவ்வாறு மனு எழுதுவது என்று நம் இளைஞர்கள் கற்கட்டும். அந்த வகுப்பு நம் தெருவுக்கு மட்டும் உரியதன்று. ஊர் முழுவதற்கும் திறந்திருக்கட்டும். நம் தெருவின் சாக்கடை காலனிக்குள் சென்று தேங்குமானால், நமக்கு வடிகால் கிடைத்தது என்று மகிழ நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது, பெண்களுக்கு வழிவிடுதல். பாதி இடங்கள் மகளிருக்கு உரியவை. நம் வீட்டுப் பெண் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டால், பயிற்சிக்கு அவரையே அனுப்புங்கள். கூட்டத்தில் அவரையே அமர விடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வதே அன்று கணவர் அவருக்குச் செய்யும் உதவி.

நான்காவது, இதைச் சொல்லும்போது சிலருக்கு மனம் வருந்தலாம். ஊர்ப் பதவியை ஏலம் விடும் கொடுமை 2019 தேர்தலின்போதும் சில ஊர்களில் நடந்ததைச் செய்திகளில் கண்டோம். நாம் ஏலம் விடுவதில்லை. ஆனால் நான்கு பெரியவர்கள் இரவில் கூடி, "இவருக்குத்தான் நம் மஹல்லாவின் வாக்கு" என்று முடிவு செய்து அறிவிப்பதும், இன்னொருவரின் வாக்கை நாம் எடுத்துக்கொள்வதே ஆகும். வாக்கும் ஓர் அமானிதம். அதற்குரியவரே அதைச் செலுத்தட்டும். வேட்பாளர்கள் அனைவரையும் ஒரே மேடையில் அமர்த்திக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்றை வேண்டுமானால் நாம் நடத்தலாம். "வடிகாலுக்கு என்ன திட்டம்? கணக்கை எப்போது காட்டுவீர்கள்? பயிற்சிக்குச் செல்வீர்களா?" என்ற மூன்று கேள்விகள் போதும்.

சகோதரர்களே! செங்கல் மேல் கால் வைத்து மதரஸாவுக்கு வந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து, தொழிற்சாலைகளில் வேலைக்குச் செல்கிறார்கள். அந்த மூன்று ஆண்டுகளை அவர்களுக்கு நம்மால் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆனால், நாளை வரும் பிள்ளைகளுக்காக, எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பதை நாம் கற்று வைத்திருக்கலாம்.

வல்ல இறைவன் நம் ஊரையும் நாட்டையும் பாதுகாப்பானாக! பொறுப்பேற்போருக்கு நேர்மையையும், பொறுப்பை ஒப்படைப்போருக்கு விழிப்பையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.